ஓட்டக் காயம் ஆறும் காலத்தில் உடலை இயங்க வைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஓடத் தொடங்குபவர்களுக்குப் பல ஆண்டுகளாகப் பயிற்சி சொல்லித் தருகிறேன். ஓடும் நாள்களில் அவர்கள் கேட்பதைவிட, காயம்பட்டு ஓட முடியாமல் போன நாள்களில் கேட்பதுதான் அதிகம். நானும் இருமுறை அந்த நிலையில் இருந்திருக்கிறேன். முதல் முறை வலியை மதிக்காமல் ஓடிக் கீழ்க்கால் எலும்பில் விரிசல் வாங்கினேன். இரண்டாம் முறை அந்தப் பயத்திலேயே இரண்டு மாதம் அசையாமல் இருந்து, ஏற்கெனவே நொந்திருந்த குதிகால் தசைநாணை (கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு இணைக்கும் நாரை) மேலும் பலவீனமாக்கிக்கொண்டேன். இந்த இரண்டு தவறுகளையும் இன்னொருவர் செய்யக் கூடாது என்ற எண்ணத்தில் எழுதிய பதில்கள் இவை. நான் மருத்துவர் அல்ல. உங்கள் காயம் இன்னதென்று சோதித்துச் சொல்ல மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ வேண்டும்.

மருத்துவர் ஓய்வு எடுக்கச் சொன்னார். படுத்தே இருக்க வேண்டுமா?

பெரும்பாலான ஓட்டக் காயங்களுக்கு அது தேவைப்படாது. ஓய்வு வேண்டியது நொந்த இடத்துக்கு. இதயத்துக்கும் தோள்களுக்கும் மற்றொரு காலுக்கும் ஏன் விடுமுறை? "ஓய்வு எடுங்கள்" என்று மருத்துவர் சொன்னதும் அங்கேயே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நடக்கலாமா? சைக்கிள் மிதிக்கலாமா? எடை தூக்கலாமா? ஓடாதீர்கள் என்பதைத்தான் பலர் ஓய்வு என்ற சொல்லால் சொல்கிறார்கள். நோயாளியின் காதில் அது கட்டிலாக விழுகிறது.

ஓய்வு, பனிக்கட்டி, அழுத்துக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் ஒரு சூத்திரமாக 1978-இல் எழுதியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பல ஆண்டுகள் கழித்து அவரே, பனிக்கட்டியும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று திருத்தி எழுதினார். தசை, தசைநாண், எலும்பு எல்லாமே தம்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தம்மைக் கட்டிக்கொள்பவை. சுமையே விழாவிட்டால் கட்டும் வேலை மந்தமாகிவிடும். அதனால், தசை கிழிந்தோ கணுக்கால் பிசகியோ வீங்கியிருக்கும் முதல் இரண்டு மூன்று நாள் அடங்கியிருங்கள். அதன்பின், அந்த இடம் தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகச் சுமை கொடுங்கள். எலும்பு விரிசல் மட்டும் இதற்கு விலக்கு; அடுத்த பதிலில் அதைச் சொல்கிறேன்.

எனக்கு வந்திருப்பது எந்த வகைக் காயம்? அது தெரிவது ஏன் முக்கியம்?

எதைச் செய்யலாம் என்பது முழுக்க இதைப் பொறுத்தது. ஒரே மாதிரி வலிக்கும் இரண்டு கால்களுக்கு நேரெதிரான மருந்து தேவைப்படலாம்.

தசைநாண் காயம் காலையில்தான் தன்னை அதிகம் காட்டும். படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலே விறைப்பு இருக்கும். நடக்க நடக்கத் தளரும். ஓட்டத்தின் முதல் கிலோமீட்டரில் வலித்து, பிறகு மறைந்து, மறுநாள் மறுபடி வரும். இதற்கு வெறும் ஓய்வு கைகொடுக்காது. ஓய்வில் வலி குறையும், ஆனால் தசைநாண் வலுப்பெறாது. திரும்ப ஓடிய முதல் வாரத்திலேயே பழைய இடத்துக்கு வந்து நிற்பீர்கள். எனக்கு நடந்தது இதுதான். ஸ்வீடன் மருத்துவர் ஹாகன் ஆல்ஃப்ரெட்சன் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், நாள்பட்ட குதிகால் தசைநாண் வலியால் தவித்த 15 ஓட்டக்காரர்களைப் படியின் விளிம்பில் நிற்க வைத்துக் குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னார். முழங்காலை நீட்டி 15 தடவை வீதம் மூன்று சுற்று, சற்று மடக்கி மூன்று சுற்று, தினம் இருவேளை என்று 12 வாரம். ஒரு நாளைக்கு 180 தடவை. அவர்கள் எல்லாரும் பழையபடி ஓடத் திரும்பினார்கள். (தசைநாண் குதி எலும்பில் சேரும் இடத்திலேயே வலி என்றால், குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே இறக்காதீர்கள். அந்த இடம் நசுங்கி வலி கூடும்.)

எலும்புக் காயத்தின் குணம் வேறு. ஓட ஓட வலி ஏறும், தளராது. கீழ்க்காலின் உள்விளிம்பில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாக, பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது எலும்புறை சார்ந்த எரிச்சல். ஒற்றை விரலால் "இதோ இங்கேதான்" என்று ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்ட முடிந்தால், ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே குத்தினால், ஓய்வாக இருக்கும் இரவிலும் வலித்தால், ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் எனப்படும் நுண்விரிசலாக இருக்கலாம். தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் அது தெரியாமல் போவது சாதாரணம். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்ற நம்பிக்கையில் நான் இன்னும் மூன்று வாரம் ஓடினேன், பிறகு எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் உண்மையைச் சொன்னது. எலும்பு விரிசலில் சகித்துக்கொள்ளக்கூடிய வலி என்று ஒன்று கிடையாது. செய்யும் பயிற்சியில் அந்த இடத்தில் வலி சுழியமாக இருக்க வேண்டும்.

தசைக் கிழிவு என்றால் எந்த நொடியில் நேர்ந்தது என்று உங்களால் சொல்ல முடியும்: யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் உதைத்தது போல இருக்கும். சிறு கிழிவுகள் சில வாரங்களில் ஆறும். மெதுவான அசைவு அதற்கு நல்லது, இழுத்து நீட்டுவது முதல் நாள்களில் நல்லதல்ல. முழங்கால் சில்லைச் சுற்றி வரும் வலி மாடிப்படி இறங்கும்போதும் வெகுநேரம் உட்கார்ந்து எழும்போதும் தெரியும். அதற்குத் தொடை, இடுப்புத் தசைகளை வலுவாக்குவதே பெரிய மருந்து.

எந்த அறிகுறி இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்?

காலை ஊன்றி நான்கடி கூட நடக்க முடியாவிட்டால். "டப்" என்ற சத்தத்தோடு குதிகாலின் பின்புறம் வலுவிழந்து, நுனிக்காலில் எழ முடியாமல் போனால். கவட்டையின் ஆழத்தில் வலி இருந்து, காலை ஊன்றும்போது அது கூடினால். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் விழுந்திருக்கலாம், தாமதித்தால் முழு முறிவாகிவிடும். பாதத்தின் மேல்வளைவு நடுவில் ஒரு புள்ளியில் வலித்தாலும் அலட்சியம் வேண்டாம். அங்குள்ள சிறு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு என்பதால் விரிசல் எளிதில் ஒட்டிச் சேராது. காய்ச்சலோடு மூட்டு வீங்கினாலும், காலில் மரமரப்பு பரவினாலும் அப்படியே.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கட்டோ காலணி போன்ற கவசமோ போட்டு அசையாமல் இருந்த காலில் கெண்டைக்கால் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அது அவசரச் சிகிச்சைக்குரியது.

பயிற்சியின்போது சிறிது வலிக்கிறது. தொடரலாமா, நிறுத்தவா?

எலும்பு விரிசல் இல்லை என்பது உறுதியானால், சிறு வலியோடு தொடரலாம். வலியே இல்லாதது 0, தாங்கவே முடியாதது 10 என்று வைத்துக்கொண்டு மனத்துக்குள் மதிப்பெண் போடுங்கள். குதிகால் தசைநாண் நோயாளிகளை வைத்துச் ஸ்வீடனில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், வலி 5-ஐத் தாண்டாதவரை ஓடவும் குதிக்கவும் அனுமதிக்கப்பட்டவர்கள், முதல் 6 வாரம் ஓட்டத்தை நிறுத்தியவர்களைவிடப் பின்தங்கவில்லை. இரு குழுவினரும் வலுப்பயிற்சியைச் செய்துவந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. நான் என்னிடம் வருபவர்களுக்கு இன்னும் எச்சரிக்கையாக 3 என்ற எல்லையைச் சொல்கிறேன். உற்சாகத்தில் இருக்கும் ஓட்டக்காரர் 5-ஐ 3 என்று சொல்வார் என்பது அனுபவம்.

அந்த எண்ணைவிட நான் நம்புவது மறுநாள் காலையை. பயிற்சி முடிந்த கையோடு உடல் சூடாக இருக்கும்போது காயம் பேசாது. மறுநாள் எழுந்து நடக்கும் முதல் பத்தடியில் வலியும் விறைப்பும் முந்தைய நாள் காலை அளவிலேயே இருந்தால், நேற்றுச் செய்தது சரியான அளவு. கூடியிருந்தால் அளவு மீறிவிட்டது. அடுத்த முறை குறையுங்கள். ஒரு சிறு நோட்டில் தினம் இரண்டே எண் எழுதுங்கள்: பயிற்சியின்போது எவ்வளவு, மறுநாள் காலை எவ்வளவு. இரண்டு வாரத்தில் உங்கள் கால் எதைத் தாங்குகிறது, எதைத் தாங்கவில்லை என்று அந்தப் பக்கமே காட்டிவிடும்.

ஓடாமல் இருந்தால் எத்தனை நாளில் உடல்திறன் போய்விடும்?

அஞ்சுகிற வேகத்தில் போகாது. நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தினால் என்ன ஆகும் என்று பார்த்த ஆய்வொன்று 1984-இல் வெளியானது. உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் அளவு முதல் 3 வாரத்தில் ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்தது. 8 வாரத்தில் 16 சதவீதம் குறைந்து அங்கேயே நின்றது. முதலில் குறைவது ரத்தத்தின் அளவும், இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தமும்தான். தசைக்குள் ஓடும் நுண்குழாய்களின் அடர்த்தி 84 நாள் கழித்தும் குறையவில்லை. இது ஒன்றுமே செய்யாமல் இருந்தவர்களின் கணக்கு என்பதைக் கவனியுங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் மூச்சு வாங்கும் அளவுக்கு வேறு பயிற்சி செய்பவருக்கு இழப்பு இதைவிடக் குறைவு.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. சைக்கிளிலும் தண்ணீரிலும் மூச்சுத்திறனைக் காப்பாற்றிக்கொண்டு வருபவரின் இதயம் 10 கிலோமீட்டருக்குத் தயாராக இருக்கும். பல வாரம் தரையில் மோதாத எலும்பும் தசைநாணும் 3 கிலோமீட்டருக்குக்கூடத் தயாராக இருக்காது. திரும்ப ஓடும்போது மூச்சை நம்பி வேகம் பிடிக்காதீர்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

தண்ணீரில் ஓடுவதால் பலன் உண்டா? எப்படிச் செய்வது?

காயம்பட்ட ஓட்டக்காரருக்கு இதைவிட நெருக்கமான மாற்று எதுவும் இல்லை என்பது என் கருத்து. கழுத்தளவுத் தண்ணீரில் கால்களுக்கு இறங்கும் எடை உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, இடுப்பளவில் பாதி. ஆழமான குளத்தில் மிதவைப் பட்டி கட்டிக்கொண்டு பாதம் தரையில் படாமல் ஓடினால் மோதலே கிடையாது. பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் 4 முதல் 6 வாரம் தண்ணீரில் மட்டுமே ஓடித் தங்கள் திறனை இழக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பலர் ஒருநாள் முயன்று சலித்துக் கைவிடுவது, முறை தெரியாததால். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து சைக்கிள் மிதிப்பது போலக் கால்களைச் சுழற்றினால் மிதப்பீர்கள், பயிற்சி நடக்காது. நெஞ்சை நிமிர்த்தி, மிகச் சற்றே முன்சாய்ந்து, முழங்காலை உயர்த்தி, பின் காலைக் கீழே பின்னோக்கித் தள்ளுங்கள். கைகள் தரையில் ஓடும்போது வீசுவது போலவே வீச வேண்டும். உள்ளங்கையால் தண்ணீரை அள்ளினால் வேலையைக் கை எடுத்துக்கொள்ளும். முன்னேறும் வேகத்தைப் பார்த்து மனம் தளராதீர்கள், ஆமை வேகம்தான் வரும். நிமிடத்துக்கு எத்தனை காலடி என்பதே இங்கு அளவு.

தண்ணீரின் அழுத்தமும் குளிர்ச்சியும் இதயத்துடிப்பைத் தரையில் இருப்பதைவிட நிமிடத்துக்கு 10 முதல் 15 வரை குறைத்துக் காட்டும். கடிகாரத்தைப் பார்த்து முயற்சி போதவில்லை என்று எண்ண வேண்டாம். மூச்சை வைத்து அளவிடுங்கள். சலிப்புக்கு மருந்து இடைவெளிப் பயிற்சி. 10 நிமிடம் மெதுவாக, பிறகு 2 நிமிடம் கடுமையாக, 1 நிமிடம் தளர்வாக என்று 8 சுற்று, கடைசியில் 5 நிமிடம் மறுபடி மெதுவாக. ஒரே வேகத்தில் 40 நிமிடம் மிதப்பவரைவிட இவர் இரட்டிப்பு வேலை செய்திருப்பார், நேரம் போனதும் தெரியாது. நீந்தத் தெரியாதவர்கள் ஆழத்தில் தனியாக இறங்கக் கூடாது. நெஞ்சளவுத் தண்ணீரில் வேகமாக நடப்பதே போதும். ஆறாத தையலோ திறந்த புண்ணோ இருந்தால் குளத்தைத் தவிர்க்க வேண்டும்.

நீச்சல் சரியா?

நல்லது. முழங்காலிலோ கவட்டையிலோ வலி உள்ளவர்கள் தவளை நீச்சலின் உதையைத் தவிர்க்கவும். காலுக்கு முழு ஓய்வு வேண்டுமானால் தொடைகளுக்கு இடையே மிதவைத் துண்டை வைத்துக்கொண்டு கைகளால் மட்டும் நீந்தலாம். குதிகால் தசைநாண் நொந்தவர்கள் திரும்பும்போது சுவரை உந்தித் தள்ளாதிருப்பது நலம்.

சைக்கிள், எலிப்டிக்கல் கருவி?

நிலையான சைக்கிள் பெரும்பாலான காயங்களுக்கு ஏற்றது. இருக்கை உயரத்தில்தான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். தாழ்வாக வைத்தால் முழங்கால் அதிகம் மடங்கிச் சில்லின் மீது அழுத்தம் கூடும். மிதிகட்டை அடியில் இருக்கும்போது முழங்கால் சற்றே, ஏறத்தாழ 30 டிகிரி, மடங்கியிருக்க வேண்டும். குதிகால் தசைநாண் வலி இருந்தால் விரல் நுனியால் மிதிக்காமல் நடுப்பாதத்தை வையுங்கள். முழங்காலின் வெளிப்பக்க வலிக்குச் சைக்கிளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மீண்டும் மீண்டும் மடங்கி நிமிர்வதே அதற்கு எரிச்சல் தரக்கூடும் என்பதால், மறுநாள் காலை என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

எலிப்டிக்கல் என்பது நின்றபடியே ஓடுவது போலக் கால்களை இயக்கும் கருவி. அதில் மோதல் இல்லை, ஆனால் முழு எடையையும் கால்கள் சுமக்கின்றன. எலும்பு விரிசலின் முதல் வாரங்களுக்கு அது வேண்டாம். ஓட்டத்துக்குத் திரும்பும் முன்பான கடைசிக் கட்டத்துக்கு ஏற்றது.

குளமும் இல்லை, கருவியும் இல்லை. வீட்டில் என்ன செய்யலாம்?

நிறைய. இத்தனை நாள் நேரமில்லை என்று தள்ளிப்போட்ட வலுப்பயிற்சிக்கு இதுவே தக்க காலம். முதுகைத் தரையில் வைத்து இடுப்பைத் தூக்குவது, பக்கவாட்டில் படுத்து மேல்காலை உயர்த்துவது, பலகை போல் கிடைமட்டமாக உடலைத் தாங்குவது, தண்டால், நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, எல்லாவற்றுக்கும் பாய் அளவு இடம் போதும். வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். எட்டாவது பத்தாவது தடவை உண்மையிலேயே கடினமாக இருக்க வேண்டும். சிரமமின்றி ஐம்பது தடவை செய்வதில் வலு ஏறாது.

நல்ல காலையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கத்தைப் பயிற்றுவித்தால் பயிற்சி பெறாத மறுபக்கத்திலும் ஓரளவு வலு ஏறும் என்பதை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் ஸ்கிரிப்ச்சர் 1894-லேயே காட்டினார். தசையை இயக்கும் நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதில் இரு பக்கமும் பங்கு பெறுகின்றன. கட்டுக்குள் இருக்கும் காலுக்கு இது கிடைக்கும் பெரிய உதவி.

மனத்தில் வைத்துக்கொள்ள ஒருவரைச் சொல்கிறேன். 1984-இல் அமெரிக்க ஒலிம்பிக் மாரத்தான் தகுதிப் போட்டிக்கு 17 நாள் முன்பு ஜோன் பெனாய்ட்டின் முழங்காலில் நுண்துளை அறுவைச் சிகிச்சை நடந்தது. கால்கள் ஓய்ந்திருந்தபோது சைக்கிள் மிதிகட்டையைக் கைகளால் சுழற்றி மூச்சுப் பயிற்சி செய்தார். தகுதிப் போட்டியில் வென்றார். அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலீசில் நடந்த முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தானை 2 மணி 24 நிமிடம் 52 விநாடியில் ஓடித் தங்கம் பெற்றார். 17 நாளில் ஓடத் திரும்பியதை அவரிடமிருந்து கற்க வேண்டாம். கால் முடியாதபோது கையைத் தேடிய மனத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடிப் பார்க்கலாமா?

கூடாது. காயம் சொல்வதைக் கேட்கும் ஒரே காதை அடைத்துக்கொண்டு ஓடுவது அது. எலும்பு விரிசலாக இருந்தால் நீங்கள் அறியாமலே முறிவாகிவிடும்.

ஓடாததால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டுமா?

எடை கூடிவிடும் என்ற அச்சத்தில் பலர், குறிப்பாகப் பெண்கள், காயம்பட்ட முதல் வாரமே தட்டைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. எலும்பும் தசையும் தம்மைத் திரும்பக் கட்டிக்கொள்ள எரிபொருள் வேண்டும். நீண்ட தூர ஓட்டத்துக்காகக் கூடுதலாகச் சாப்பிட்டதை மட்டும் விடலாம். புரதத்தைக் குறைக்காதீர்கள், ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 1.6 கிராம் அளவு நல்ல இலக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளவும்.

தேவைக்குக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டு அதிகம் ஓடுவதே எலும்பு விரிசலுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ அதன் அபாய அறிகுறி. ஒல்லியானால் அப்படித்தான் என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மீண்டும் மீண்டும் எலும்பு விரிசல் வரும் ஆண்களும் தேவைக்குக் குறைவாகச் சாப்பிடுகிறோமா என்று பார்க்க வேண்டும்.

ஓட முடியாத நாள்களில் எரிச்சலும் சோர்வும் வருகின்றன. இது இயல்பா?

இயல்புதான். தினம் காலையில் உங்களுக்கென்று இருந்த ஒரு மணி நேரமும், கூட ஓடியவர்களின் பேச்சும் ஒரே நாளில் போய்விட்டன. எனக்கு உதவியது ஒன்றே: அந்த நேரத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. ஓடும் அதே நேரத்தில் எழுந்து, அதே உடையை அணிந்து, அன்றைக்கு எது முடியுமோ அதைச் செய்தேன். ஞாயிறுகளில் நண்பர்கள் ஓடும் இடத்துக்குப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். முதல் வாரம் தொண்டை அடைத்தது, மூன்றாம் வாரம் அது நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் பொழுதாகிவிட்டது. சோர்வு இரண்டு வாரத்துக்கு மேலாக நீடித்துத் தூக்கத்தையும் பசியையும் தொட்டால், காலுக்கு உதவி தேடியது போலவே மனத்துக்கும் உதவி தேடுங்கள்.

எப்போது, எப்படி மீண்டும் ஓடத் தொடங்குவது?

நாள்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாமல் காலைச் சோதித்து முடிவு செய்யுங்கள். 30 நிமிடம் விறுவிறுப்பாக நடந்தால் அப்போதும் மறுநாளும் வலியில்லை. ஒற்றைக் காலில் நின்று 20 தடவை நுனிக்காலில் எழ முடிகிறது. ஒற்றைக் காலில் பத்துத் தடவை குதித்தால் மறுகாலைப் போலவே இருக்கிறது. இந்த மூன்றும் நிறைவேறினால் தொடங்கலாம். எலும்பு விரிசலுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரம், இடத்தைப் பொறுத்து அதற்கும் மேலே. அங்கே மருத்துவரின் அனுமதியும் வேண்டும்.

முதல் நாள்: 1 நிமிடம் மெதுவான ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டுத் தடவை. மறுநாள் ஓடாதீர்கள், தண்ணீரோ சைக்கிளோ செய்யுங்கள். இரண்டு முறை ஓடி, இரண்டு முறையும் மறுநாள் காலையில் வலி கூடாமல் இருந்தால்தான் அடுத்த படி: 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை. இப்படியே ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறைத்து, 30 நிமிடம் தொடர்ந்து ஓட முடிந்த பிறகே வேகத்தையும் மேட்டையும் தொடுங்கள். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள். ஒருநாள் காலை வலி கூடினால் ஒரு படி கீழே இறங்கி இரண்டு நாள் கழித்து அதையே மறுபடி செய்யுங்கள்.

ஓட்டத்துக்குத் திரும்பிய பிறகு மாற்றுப் பயிற்சிகளை விட்டுவிடலாமா?

தண்ணீரையும் சைக்கிளையும் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடுங்கள். வலுப்பயிற்சியை வாரம் இருமுறையாவது தொடருங்கள். என் குதிகால் தசைநாண் வலியில்லாமல் ஐந்து ஆண்டு ஆகிறது. இன்றும் செவ்வாயும் வெள்ளியும் படியில் நின்று குதிகாலை இறக்கி ஏற்றுகிறேன்.